மேசை மேல் நிற்கும் சம்மனசு

அன்புள்ள அம்மாவுக்கு,

டப்ளினில் குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முட்டிவலி தேவலையா?

என் மேசையில் இறக்கையும் வாளுமாக நிற்கும் விரலளவு பொம்மையைப் பார்த்து, வீடியோ காலில் தினமும், "மிக்கேல் சம்மனசே, எம்புள்ளைய பாத்துக்கப்பா" என்று வேண்டுகிறாயே. அது ஆபீஸ் நண்பர்களோடு பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்காக நான் பெயின்ட் அடித்தது. தெரிந்த நிறம் அதுதான் என்று நம் கோயில் மிக்கேல் சுரூபம் போலவே அடித்துவிட்டேன். நேற்றுதான் சொன்னார்கள், கதையில் இந்தச் சம்மனசுதான் வில்லனாம். சனிக்கிழமை நானும் சேர்ந்து அவனைக் கொல்ல வேண்டுமாம். என்ன செய்வதென்றே புரியவில்லை.

பொம்மையின் காலடியில் ஒட்டுவதற்கு நம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் கொஞ்சம் அனுப்பு. இங்கும் மணல் கிடைக்கும்தான்.

நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது. அவனைக் கொன்றுவிட்டாலும், நீ வேண்டிக்கொள்வதை மட்டும் நிறுத்திவிடாதே அம்மா.

உன் மகன்,
ஜெரால்டு