வெண்கல ஸ்பிரிங்

மார்ச் 12, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. பத்து மணிக்கே பட்டறைத் தகரம் கொதிக்கிறது.

செய்ய வேண்டியவை: பம்புக்குத் தோல் வாஷர், எண்ணெய். வீட்டுக்குக் கருப்பட்டி, மண்ணெண்ணெய்.

கடலுக்குள் இறங்குகிறவர் மாட்டும் தலைக்கவசத்தைத் திறந்தேன். காற்றுக்குழாய் சேரும் இடத்தில் ஒரு வால்வு. குழாய்ப் பக்கம் வாய் வைத்து உறிஞ்சினேன். காற்று வந்தது. வரக் கூடாது. குழாய் அறுந்தால் கவசத்துக் காற்று திரும்பி ஓடாமல் அடைப்பதற்குத்தான் அந்த வால்வே. அடைக்காவிட்டால் கடல் ஆளை நசுக்கிவிடும்.

நாக்கெல்லாம் துரு. பாஸ்பர் வெண்கல ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் எஃகு ஸ்பிரிங். எஃகும் வெண்கலமும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக் கிடந்தால் எஃகுதான் முதலில் கரையும். பட்டறை மேஸ்திரிக்குத் தெரியாதா? தெரிந்தே போட்டிருக்கிறான், அயோக்கியன்.

மார்ச் 13, புதன்

வெண்கல ஸ்பிரிங் கேட்டு மேஸ்திரியிடம் (இனி மே.) மூன்றாவது இண்டென்ட் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டும் எங்கே போயினவோ. உலகச் சண்டை முடிந்தும் இன்னும் "சரக்கு இல்லை" பாட்டு. அவன் மகனுடைய புதுத் தோணிக்கு மட்டும் செம்பு ஆணி எங்கிருந்து வந்தது? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"தண்ணிக்கு அடியில போயி யாருலே பாக்கப் போறா?" என்கிறான்.

அடியில் போகிறவன் என் தங்கை மாப்பிள்ளை அந்தோணி. சனிக்கிழமை மிதவைச் சங்கிலியின் அடி ஆணியை மாற்ற இறங்குகிறான். தங்கைக்கு ஏழாவது மாதம்.

கருப்பட்டி மறந்துபோனது.

மார்ச் 15, வெள்ளி

தபசுக்காலம். காலையில் கோயில். ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை.

மத்தியானம் வால்வைக் கழற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சம்மட்டியால் ஒரே போடு. ஸ்பிரிங் பிஸ்கோத்து மாதிரி நொறுங்கியது. இனி இந்தக் கவசத்தோடு ஒருவனும் இறங்க முடியாது. மே.யிடம் நானே போய்ச் சொன்னேன். கத்தினான். நானும் கத்தினேன். வேலை போனால் போகட்டும்.

வீட்டில் பாறை மீன் குழம்பு. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 16, சனி

கடல் அசையவில்லை.

மே. காலையிலேயே அந்தோணியைப் பிடித்திருக்கிறான். உன் அப்பனும் பாட்டனும் கவசம் போட்டா முத்துக் குளித்தார்கள் என்று கேட்டானாம். எங்கள் ஆட்களைக் கவிழ்க்க இது ஒன்று போதும். நான் படகுக்கு ஓடுவதற்குள் அந்தோணி ஆளை அடிக்கு இழுக்கும் கல்லில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்துவிட்டான். தடுத்தேன்.

"இரும்பும் வேண்டாம், வெண்கலமும் வேண்டாம். நீங்க சும்மா இரிங்க மச்சான்."

மூச்சடக்கிப் பதினோரு தடவை இறங்கினான். ஒன்பதாவதில் மூக்கில் ரத்தம். போதும் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஆணியை மாற்றியே விட்டான், மடையன்.

படகெல்லாம் கைதட்டல். மே. என் இண்டென்டைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இனி இது எதற்கு என்று எல்லோர் முன்னாலும் கிழித்துக் கடலில் போட்டான். புது ஸ்பிரிங்கும் கிடையாது, புது வால்வும் கிடையாது. அடுத்த வேலைக்கும் இப்படியே இறக்குவான்.

கரையில் அந்தோணி தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் இடது பக்கம் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். தங்கை பெயரைச் சொல்லித் திட்டினேன். திரும்பவே இல்லை. அந்தப் பக்கக் காதோரம் ரத்தம் கோடாகக் காய்ந்திருந்தது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன்.

"எப்ப வந்திய மச்சான்?" என்றான்.