சனிக்கிழமை அறையில் ஒரு கரப்பான்பூச்சி

சித்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

ஜெர்மனியில் செல்களோடு குடும்பம் நடத்தும் மாண்புமிகு முனைவர் சுமித்ரா அக்காவுக்கு,

தம்பி கிஷோர் வணக்கம் சொல்லாமல் எழுதுவது. நைனா நலம். நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

கவரைப் பிரித்ததும் உன் மடியில் விழுந்தது ரப்பர் கரப்பான்பூச்சி. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. அலறியிருந்தால் நல்லது. ஏன் நல்லது என்று கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று கேட்பாய். என்னை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாயே. உன் கட்டுரையை நிராகரிக்கிறோம் என்று பத்திரிகை ஆசிரியர் பெயரில் நான் அனுப்பிய மெயிலுக்கு அந்தத் தண்டனை. "காரணம்: கட்டுரையாளர் தன் தாய்க்கு ஒரு மாதமாகப் போன் செய்யவில்லை" என்ற வரிக்காவது நீ சிரித்திருக்கலாம். நைனாவின் போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீயும் "செல்லுக்குச் சாப்பாடு போடணும்" என்று டக்கென்று வைத்துவிடுகிறாய். தட்டில் இருக்கும் செல்லுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் விருந்து. கையில் இருக்கும் செல்லில் அம்மா சாப்பிட்டாளா என்று கேட்க மட்டும் நேரமில்லை.

அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது எங்களைத் தேற்றியது நீதான், மறுக்கவில்லை. தினம் ஒரு மாத்திரையில் அடங்கிவிடும் வகை என்றாய். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடவே கூடாது என்றாய். அந்த மாத்திரை சிலருக்கு ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பதுதான் உன் ஆராய்ச்சியே என்பதால் நாங்களும் தைரியமாக இருந்தோம். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் நைனா, லாரி டிரைவர்களைக்கூட விடாமல், "என் பொண்ணே அந்த நோய்க்குத்தான் படிச்சிக்கினு கீறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீயும் ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த ஒரு மாத்திரைப் பெட்டியை அனுப்பினாய். மகளுக்குப் பதிலாகப் பெட்டி வந்தது. அம்மா அதைப் பூஜை அறையில் வைத்து ஞாயிறுதோறும் நிரப்பினாள்.

போன மாதம் நோய் மறுபடி ஏறியது. திருப்பதி டாக்டர், "மாத்ரலு ரோஜூ வேசுகுண்டுன்னாராம்மா?" என்று கேட்டார். மாத்திரையைத் தினமும் போடுகிறீர்களா என்கிறார்; போடுகிறேன் என்று அம்மா தலையாட்டினாள். நைனா சத்தியமே செய்தார். போனில் உன்னையும் கேட்டார்கள். "எங்கம்மா ஒருநாளும் விடமாட்டாங்க, எனக்குத் தெரியும்" என்றாய். பிறகு ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில், மருந்தை ஏமாற்றும் மரபணு மாற்றம் எதுவும் இல்லை என்று வந்ததே, அப்போது உன் குரலைக் கேட்டேன். பெற்ற தாய்க்கு மருந்து தோற்றுப்போன மகளின் குரலா அது? குலுக்கலில் ஸ்கூட்டர் விழுந்தவளின் குரல். யாரும் பார்க்காத புதுக் காரணமாக இருக்கலாம், ஒரு குழாய் ரத்தம் எனக்கும் எடுத்து வையுங்கள் என்றாய். அம்மா ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டே, "என் ரத்தம் அவளுக்கு உதவுது பாரு" என்று பூரித்துப்போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி கரப்பான் புராணம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வீடே ஊமையாகக் கிடந்தது. அம்மாவை ஒரு தடவை அலறவைத்தால் எல்லோரும் சிரிப்போம் என்று, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ரப்பரை அவளுடைய சனிக்கிழமை அறையில் மாத்திரை மேல் படுக்கவைத்தேன். சனிக்கிழமை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். காலைச் சாப்பாட்டு நேரம் போனது. மத்தியானம் போனது. சத்தமே இல்லை. ஞாயிறு காலை நானே போய்த் திறந்தேன். கரப்பான் மாத்திரையைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே படுத்திருந்தது. மற்ற அறைகளையும் திறந்தேன். வியாழக்கிழமை மாத்திரையும் அப்படியே இருந்தது.

கேட்டால் "மறந்துட்டேன்டா" என்றாள். என் கண்ணைப் பார்த்து அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது; அந்தத் திறமை எனக்கு எந்த வழியில் வந்ததோ. விடாமல் குடைந்த பிறகு சொன்னாள்: "சனிக்கிழமை பட்டினி இருக்கேன்டா. வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு உங்கக்காதானே சொன்னா?"

நீ விமானம் ஏறிய அன்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டாளாம். உன் ஆராய்ச்சிக்கு ஒரு தடையும் வரக்கூடாது. நீ திரும்பி வந்து மலையில் முடி கொடுக்கும் வரை சனிக்கிழமை சாப்பிடமாட்டாள். அது தொடக்கம். செல்லில் பூஞ்சை பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் என்று ஒருநாள் அழுதாயே, அன்றிலிருந்து வியாழக்கிழமையும். உனக்கு முன்னால் வேறு எவனோ கட்டுரை போட்டுவிட்டான் என்று புலம்பினாயே, அன்றிலிருந்து ஏகாதசியும். நீ மூக்கைச் சிந்தும்போதெல்லாம் இங்கே ஒரு வேளைச் சோறு குறைந்திருக்கிறது. நைனா மண்டிக்கும் நான் காலேஜுக்கும் ஓடுகிறோம். எங்களுக்குக் கேரியர் கட்டுகிறவள் தன் தட்டில் என்ன போட்டுக்கொண்டாள் என்று யார் பார்த்தோம்? கேட்டால், "அப்பவே துன்னுட்டேன்டா" என்பாள்.

நீ புறப்படும் முன் சந்திரகிரி கோட்டைப் புல்லில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? மருந்துக்கு மசியாத செல்லை எப்படி வளர்ப்பீர்கள் என்று கேட்டேன். "மருந்தைக் கொஞ்சமா குடுப்போம், நிறுத்துவோம், திரும்பக் குடுப்போம். அதுல பொழைக்கிறது கெட்டியாயிடும்" என்றாய். நீ அங்கே கண்ணாடித் தட்டில் செய்ததை அம்மா இங்கே தன் உடம்பில் செய்துகொண்டிருக்கிறாள், உனக்காக. நீ வலைபோட்டுத் தேடும் புதுக் காரணம் எந்த மரபணுவிலும் இல்லை, மேதையே. சனிக்கிழமையில் இருக்கிறது.

நைனாவிடம் சொன்னேன். அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. வியாழக்கிழமை அவர் எதிரிலேயே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பின்பக்கம் போய் முருங்கைமரத்தடியில் துப்பிவிட்டு வந்தாள். இனி எங்கள் முருங்கைக்குப் புற்றுநோய் வராது. சண்டை போட்டுப் பார்த்தேன். "சாமிகிட்ட சொன்னதைப் பாதியில விட்டா அவளுக்குத்தான்டா ஆவாது" என்கிறாள். தனக்கு ஆகாமல் போவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முறை போகும்போது டாக்டர் வேறு மருந்து தருவாராம், இதைவிடப் பலமானதாம். எவ்வளவு பலமாக இருந்து என்ன? அதற்கும் சனிக்கிழமை வரும்.

போனிலேயே அதட்டிவிடலாம் என்று நினைக்காதே. அக்காவே விடச் சொன்னால் விரதத்தை விடுவாயா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "நம்ம மேல பாசத்துல அப்படித்தான் சொல்லுவா" என்கிறாள். பாசமாம். உன் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை பார். மொட்டை போடச் சொல்லவில்லை, பயப்படாதே; கத்தரிக்கோலால் மூன்று முறை நறுக்கினால் போதும், மூன்று கத்திரி. அதுவும் அவள் கண் எதிரில் நறுக்க வேண்டும். அதன் பிறகுதான் அவள் விரதம் முடியும்.

இரண்டு தடவை டிக்கெட் போட்டு, செல்கள் செத்துப்போகும் என்று இரண்டு தடவையும் ரத்து செய்தாய். செல்லை உறையவைத்துவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும், எடுத்து வெதுவெதுப்பாக்கினால் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னவளும் நீதான். உறையவை. அம்மாவைப் போட்டு வைக்க அப்படி ஒரு பெட்டி திருப்பதியில் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

உன்மேல் இருக்கும் கோபம் இந்தக் கடிதத்தோடு தீராது. விமான நிலையத்துக்கு நைனாதான் வருவார், நான் வரமாட்டேன். வந்த பிறகும் உன்னோடு பேசுவேனா என்று சொல்ல முடியாது. அது வேறு கணக்கு.

வரும்போது அந்தக் கரப்பானை மறக்காமல் கொண்டு வா. மலையிலிருந்து இறங்கிய பிறகு வரும் முதல் சனிக்கிழமை, அதை மறுபடி அதே அறையில், மாத்திரை மேல் வைக்க வேண்டும். நீயே அலறியிருந்தால் அதற்கு இன்னும் பலம் இருக்கிறது என்று அர்த்தம், அதனால்தான் நல்லது என்றேன். சாப்பிட்டு முடித்த கையோடு அம்மா பெட்டியைத் திறந்து அலறுவாள். கேட்க நீயும் வீட்டில் இரு.

பெருமாள் உன் செல்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்னால் பிளாக் செய்யப்பட்டும் உன் தம்பியாகவே இருக்கும்,
கிஷோர்