ஏழெட்டு ஐம்பத்தாறு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் காலை எட்டு மணிக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு. பள்ளிக்கூடங்களை மூடி ஐந்து வாரமாகிறது. சண்டை ஓயும் வரை வானொலிதான் வகுப்பறை. ஒரு மைக்கைப் பார்த்து, "எல்லாரும் நோட்டை எடுத்துட்டீங்களா?" என்று கேட்க எனக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்தியவள். முகம் இல்லாமல் எப்படித் தெரியும், புரிந்ததா இல்லையா என்று?

பழக்கம் விடமாட்டேன் என்கிறது. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்கிறேன். மனதுக்குள் நான்கு எண்ணிவிட்டுத்தான் விடையைச் சொல்கிறேன். செய்தி வாசிப்பவர் வராந்தாவில் என்னை நிறுத்திச் சொன்னார்: "டீச்சர், நாலு வினாடி சத்தமே வரலேன்னா செட்டு கெட்டுப்போச்சுன்னு ஜனங்க அது தலையில தட்டிப் பார்ப்பாங்க."

நாளை முதல் இரண்டு எண்ணிப் பார்க்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

இரண்டு எண்ணினால், மெதுவாகக் கணக்குப் போடும் பிள்ளை என்ன செய்யும்? நான்குதான். தட்டினால் தட்டட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் அக்கரைக்குப் போய் இன்றோடு பதினொரு நாள். நீரேற்று நிலையத்தில் மின்கம்பி அறுந்துவிட்டது, சரிசெய்துவிட்டு இரண்டே நாளில் வந்துவிடலாம் என்று ஆறு பேரை அழைத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் ஆற்றின் மேல் இருந்த பாலங்களில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதையும் குறிவைத்து அடிக்கிறார்கள்.

அண்ணி ஒரு துணிப்பையைக் கட்டி வைத்திருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் அண்ணி அண்ணிதான், அதட்டிப் பேச எனக்கு வராது. இன்று அதட்டிவிட்டேன்.

"இந்தக் கரை விழுந்துடுச்சுன்னா உங்கண்ணன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கமா? அதுக்கு முன்னாடி பாலத்தைத் தாண்டிடணும்" என்றாள்.

"அண்ணி, அந்தப் பாலத்துல போனவங்க பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்ச் சேரலை."

"உனக்கு எல்லாமே கணக்கு. எனக்கு அவரு புருஷன்."

பிறகு நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டாம். அவள் சொன்னதையும்.

மார்ச் 10, செவ்வாய்

காலை ஆறரை. அண்ணியிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறேன். நேற்றும் பேசவில்லை. பை கதவோரம் வந்துவிட்டது. இன்று பாடம்: ஏழாம் வாய்ப்பாடு.

மார்ச் 11, புதன்

குரல் சுத்தமாகப் போய்விட்டது. கை இருக்கிறது. எழுதுகிறேன். நேற்றைய நாளை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

எட்டே காலுக்கு, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே, நிலையத்துத் தெருவின் இரண்டு முனையிலும் குண்டு விழுந்தது. காலை ஆட்கள் யாரும் வந்து சேரவில்லை. கட்டடத்தில் மூன்று பேர்: நான், பணியில் இருந்த அதிகாரி அம்மா, எஞ்சினியர். எஞ்சினியரை எல்லாரும் வால்வுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு சுற்றிய கண்ணாடி ரேடியோ வால்வு ஒன்று எப்போதும் இருக்கும்.

எட்டரைக்குப் பாடத்தை முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது அதிகாரி அம்மா உள்ளே வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"நம்ம அலைவரிசைக்குப் பக்கத்துலேயே அவங்க பேச ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம பாஷையில. நகரம் விழுந்துடுச்சு, நிலையத்தைப் பிடிச்சாச்சு, எல்லாரும் பாலத்தைத் தாண்டி ஓடுங்கன்னு. நல்லாவே பேசறான், பாவி. ஜனங்க மூட்டையோட ரோட்டுக்கு வந்துட்டாங்களாம்."

"பொய்னு சொல்லிடலாமே?"

"சொல்லியாச்சு. அவனும் அதையேதான் சொல்றான், நாம பொய்யின்னு. பாட்டுப் போட்டா பழைய ஒலிப்பதிவுன்னு நினைப்பாங்க. உயிரோட ஒரு ஆள் பேசிக்கிட்டே இருக்கணும், மணியைச் சொல்லிச் சொல்லி. தெரிஞ்ச குரலா இருக்கணும். ஆறு மணி வரைக்கும் நிறுத்தக் கூடாது. அதுக்குள்ள ஆளுங்க வந்துடுவாங்க."

"நானா? என்ன பேசறது? தணிக்கை முத்திரை இல்லாம ஒரு வரி படிக்கக் கூடாதே."

"வாய்ப்பாட்டுக்கு எதுக்கு முத்திரை? ஏழெட்டு ஐம்பத்தாறுங்கறது அவனுக்கும் தெரியும்."

ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்பு முடிந்து நான்காம் வகுப்பு. பிறகு ஐந்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிகாரி அம்மா குனிந்து மைக்கில் சொல்வார்: "மணி ஒன்பது நாற்பது. நிலையம் நம்ம கையில இருக்கு. நகரமும் இருக்கு. யாரும் பாலத்துக்குப் போகாதீங்க." உடனே நான், "சரி, பின்னத்துக்கு வருவோம்." காகிதத்தை மடிக்கச் சொன்னேன், செங்கோணம் வரவழைக்க. இருக்கிற அறையைக் காலடியால் அளந்து பரப்பளவு கண்டுபிடிக்கச் சொன்னேன். அடுத்து என்ன என்று யோசிக்கவே பயமாக இருந்தது. யோசித்தால் அந்தத் துணிப்பை கண்ணில் நின்றது.

சொந்த விஷயம் ஒலிபரப்பில் வரக் கூடாது. ரகசியச் செய்தி என்று சந்தேகப்படுவார்கள். தெரியும். ஆனால் பத்தரை மணிக்கு என் வாய் தானாகச் சொன்னது:

"இப்ப ஒண்ணாம் வகுப்புக்கு ஒரு கணக்கு. ஒரு வீட்ல ரெண்டு பேர். ஒருத்தி காலையில கோவத்துல சொல்லாம கிளம்பிட்டா. தப்பு அவ மேலதான். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பி வந்துடுவா. அவ வந்த பிறகு வீட்ல எத்தனை பேர் இருக்கணும்?"

நான்கு எண்ணினேன். இந்த ஒரு கணக்குக்கு மட்டும் விடை சொல்லவில்லை. அதிகாரி அம்மா என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து மணியைச் சொன்னார்.

பதினொன்று பத்துக்குத் தொலைபேசி செத்துப்போனது. அதுவரை யாராவது கூப்பிட்டு, கேட்கிறது என்றாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு? ஒன்றுமில்லை. பஞ்சு அடைத்த நான்கு சுவர். சிவப்பு விளக்கு. நான். ஒரு மணி, ஒன்றரை. நாக்கு மரக்கட்டை ஆகிவிட்டது. நான் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? எல்லாரும் எப்போதோ போய்விட்டிருந்தால்? காலியான ஊருக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு நடத்தும் பைத்தியக்காரியா நான்?

ஒன்றே முக்காலுக்குப் பக்கத்தில் எங்கோ விழுந்தது. மேசை ஒரு விரல் தள்ளி நின்றது. மாடிப்படிச் சன்னலின் கண்ணாடி சரசரவென்று கொட்டும் சத்தம். புதிதாக எதுவும் தோன்றவில்லை. காலையில் நடத்தியதையே மறுபடி எடுத்தேன். "ஏழெட்டு எத்தனை?"

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. "ஐம்பத்தாறு. ஏழொம்பது எத்தனை?"

கதவைத் தள்ளிக்கொண்டு வால்வுக்காரர் வந்தார். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்குகிறது. அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

"டீச்சர், எழுந்து வாங்க. மைக்கோட. ஒண்ணும் கேக்காதீங்க, வாங்க."

வயரைச் சுருள் சுருளாக அவிழ்த்துக்கொண்டே முன்னால் போனார். மாடிப்படி திரும்பும் இடத்தில், கண்ணாடி இல்லாத சன்னல் முன்னால் என்னை நிறுத்தினார். கீழே தெரு. ஒரு ஆள் இல்லை. புழுதி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாச் சன்னலிலும் திரை.

"இப்பக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். "ஏழெட்டு எத்தனை?"

ஒன்று எண்ணுவதற்குள் எதிர் வீட்டு நிலவறையிலிருந்து வந்தது, கீச்சுக்குரல்களில்: "ஐம்பத்தாறு!" இரண்டு எண்ணும்போது அடுத்த தெரு. மூன்றில் அதற்கும் பின்னால் இருக்கிற கூரைகளிலிருந்து, பெரியவர்கள் குரலும் சேர்ந்து. நான்கில் அதைச் சொல் என்றே சொல்ல முடியாது. கடல் மாதிரி ஒரு இரைச்சல், ரொம்பத் தூரத்திலிருந்து.

நான் கணக்கு டீச்சர். ரேடியோவில் என் கேள்வி எல்லா வீட்டுக்கும் ஒரே நொடியில் போகிறது. விடைதான் நடந்து வர வேண்டும், ஒலியின் வேகத்தில், நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர். நான்காவது வினாடியில் வந்தது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற குரல்கள். அவ்வளவு தூரம்வரை வீடுகளில் ஆள் இருந்தார்கள். அதற்கும் அப்பால் இருந்தவர்களின் குரல் என்னை வந்து சேர்வதற்குள் அடங்கியிருக்கும். ஆறு வாரமாக, தினமும் நான் விட்ட நான்கு வினாடிக்குள் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே இல்லை.

"மறுபடி கேளுங்க டீச்சர். நிறுத்தாதீங்க. அவங்க சத்தமும் மைக்ல போகுது" என்று வால்வுக்காரர் கீழே ஓடி ஒலியைக் கூட்டினார்.

அப்புறம் நடந்ததுதான்... எப்படி எழுதுவது? தெருவின் சத்தம் வானொலியில் போனது. தனியாக உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரும், மற்ற வீடுகளிலும் ஆள் இருப்பதைக் கேட்டுவிட்டார்கள். எட்டொம்பது கேட்டபோது சத்தம் இரண்டு மடங்கு. ஒம்பதொம்பதுக்கு என் காலடியில் படிக்கட்டு அதிர்ந்தது. யாரோ ஒரு ஆள், நல்ல கட்டைக்குரல், மறுபடி எட்டொம்பது கேட்டு எல்லாரும் எழுபத்திரண்டு என்று சொல்லும்போது தனியாக "அறுபத்திமூணு!" என்று கத்தினார். ஒரு வினாடி அமைதி. அப்புறம் தெரு முழுக்கச் சிரிப்பு. திரைக்குப் பின்னாலிருந்து, நிலவறைகளிலிருந்து, ஒரு முகம்கூடத் தெரியாமல். அந்தச் சிரிப்பும் ஒலிபரப்பில் போனது.

அதிகாரி அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு யார்கிட்டப் போய் முத்திரை வாங்கறது?"

நான்கு மணி நேரம் அந்தச் சன்னலில் நின்றேன். பதினாறாம் வாய்ப்பாடு வரை போனோம். போனோம் என்றுதான் எழுத வருகிறது.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செய்தி வாசிப்பவர் வந்து சேர்ந்தார், தலை முதல் கால் வரை புழுதியாக. "நாலு தெரு தாண்டி வந்தேன் டீச்சர். ஒரு கணக்குகூட விட்டுப்போகலை, எல்லா வீட்லயும் நீங்கதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாலம் போயிடுச்சு. ரெண்டரைக்கு அடிச்சுட்டான். காலையில அங்க கூட்டமா நின்னவங்க மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிட்டாங்களாம். கடைசி நேரத்துல மேல இருந்தவங்க கொஞ்சப் பேர்தான்னு சொல்றாங்க."

கொஞ்சப் பேர்.

செருப்பைத் தேடி எடுக்கக்கூட நிற்கவில்லை. ஆறரைக்குச் சரியாக வீட்டு மாடியேறினேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினால், பை அதே இடத்தில். நாற்காலியில் அண்ணி, காலில் வெளியே போகிற செருப்போடு. ரேடியோவைக் கட்டிக்கொள்ளாத குறை.

என்னைப் பார்த்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது அவளுக்கு.

"ரெண்டு" என்றாள்.

மார்ச் 14, சனி

அண்ணி சொன்னாள்: "செருப்பு மாட்டியாச்சு, பையை எடுக்கக் குனியறேன், அந்தக் கணக்கு வருது. விடை சொல்லாம நீ அடுத்ததுக்குப் போயிட்டே. அப்படியே விட்டுட்டு எப்படிக் கிளம்பறது? சரி, அடுத்ததைக் கேட்டுட்டுப் போகலாம்னு உட்கார்ந்தேன். நீதான் நிறுத்தவே இல்லையே, மகராசி."

அந்த அறுபத்திமூன்று ஆள் யார் என்று தெரு முழுக்கத் தேடுகிறார்கள். மூன்று பேர் நான்தான் என்கிறார்களாம்.

மார்ச் 19, வியாழன்

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். அனுமதி பெறாத தெருச் சத்தத்தை ஒலிபரப்பியது ஏன்? அதிகாரி அம்மா பதில் எழுதிவிட்டார். ஒரே வரி: "பாடத்தில் பிழை ஏதும் இருப்பின் சுட்டிக்காட்டவும்."

ஏப்ரல் 17, வெள்ளி

அண்ணன் வந்துவிட்டார். படகில். ஆறு பேரில் நான்கு பேர்.

கதவைத் திறந்த அண்ணி கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீரேற்று நிலையத்தில் குண்டு விழுந்ததில் இரண்டு காதும் போய்விட்டன. பாலத்தை அடித்த அதே நாளாம், காலையில். நகரம் முழுக்கக் கேட்டது அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

அண்ணி அழவில்லை. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி நீட்டினாள்: "பசிக்குதா?"

மே 6, புதன்

அண்ணன் இப்போது அண்ணியின் உதட்டைப் படிக்கிறார். என்னுடையது வரவில்லையாம். ரொம்ப வேகமாகப் பேசுகிறேனாம். அண்ணிக்கு ஒரே பெருமை.

ஜூன் 8, திங்கள்

காலை ஏழு மணிச் செய்தி. வழக்கமான இசை இல்லை. அதிகாரி அம்மாவே வாசித்தார். சண்டை நிறுத்தம் ஒன்பது மணியிலிருந்து அமலுக்கு வருகிறது என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை குரல் பிசிறியது.

நானும் அண்ணியும் அசையவில்லை. கீழ் வீட்டிலும் சத்தமில்லை. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெட்டியிலிருந்து குறடு ஒன்றை எடுத்து வந்து, குண்டுக்குப் பயந்து சன்னலில் அடித்திருந்த பலகைகளின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.