மேடு ஏறாத புது வண்டி

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

உன் தம்பி தேர்ந்தெடுத்த மோட்டார் சைக்கிள் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. குழாய்ச் சாமான்களோடு மேடு ஏறச் சொன்னால் முனகி நிற்கிறது. நேற்று பின்னால் நழுவிச் சாய்ந்தது. முழங்காலில் வெறும் சிராய்ப்புதான்.

தாமதமாகப் போனதும் மேஸ்திரி, "பெரியவரே, வண்டி உங்கள சுமக்குதா, நீங்க அத சுமக்குறீங்களா? இனி லேட்டானா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார்.

வண்டி விற்ற கடைக்காரனோ, "நீங்களே இன்ஜினப் பிரிச்சிட்டீங்க, நாங்க பொறுப்பில்ல" என்கிறான். பம்பு மோட்டாரெல்லாம் நானாகவே பிரித்துப் படித்தவன் நான், பிரிக்காமல் என்ன செய்வேன்? "கை வைக்காதீங்க மாமா" என்று உன் தம்பி சொன்னது வேறு விஷயம்.

நாளை முதல் விடியுமுன் நடந்தே போகிறேன். என் பழைய செருப்பை அனுப்பு. பேச்சுத்துணைக்கு இங்கே ஆளில்லை, பதிலை நீளமாக எழுது.

மேஸ்திரி கூப்பிடுகிறார். தம்பி கேட்டால், வண்டி பறக்கிறது என்று சொல்.