கடைசியாக வந்த கை

மார்ச் 3, ஞாயிறு

மிதேவாவைக் கொன்றது எங்கள் சபை. வீட்டுக்குத் தீ வைத்த பையன்கள் வெளியூர்க்காரர்கள் என்கிறார்கள். இருக்கட்டும். கொன்றது நாங்கள்தான். குவேக்கர்கள். சண்டையே கூடாது என்கிற நண்பர்கள் சபை.

அதே சபை இன்று கூடி, ஓடைக்கு அக்கரையில் வீடுவீடாகப் போய் மக்களைச் சந்திப்பது என்று முடிவு செய்தது. போன வருடம் கழிச்சலில் குழந்தைகள் செத்தார்கள், மிதேவா வீடு எரிந்தது. அதற்குப் பிறகு அக்கரையிலிருந்து ஒருவரும் ஆராதனைக்கு வருவதில்லை. திட்டம் போடும் வேலை எனக்கு. கிசுமு நகரத்தில் படித்து முடித்து வேலையில்லாமல் திரும்பியவளுக்கு வேறென்ன கிடைக்கும்.

அப்பாதான் சபை எழுத்தர். நான் சொன்ன வழியைக் கேட்டுவிட்டு, "மிதேவா வீட்டுப் பக்கம் வேணாம். பாதை சரியில்ல" என்றார்.

"பாதை நல்லாத்தான் இருக்கு. வீடுதான் இல்ல."

முசிம்பி அத்தை தேநீரை ஊதிக்கொண்டே, "ஏன்டி காதேனி, அப்பாவை மடக்கத்தான் கிசுமுவுல பாடம் எடுத்தாங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

மார்ச் 5

மிதேவா வீடு எரிந்தபோது நான் ஊரில் இல்லை. ஆனால் நடந்ததை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள், அதனால் நம்புகிறேன்.

ஓடைத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஊரோ மிதேவாவின் கண் பட்டுத்தான் குழந்தைகள் செத்ததாகச் சொன்னது. அவள் சபைக் கூட்டத்துக்கு வந்தாள். வெள்ளைத் தலைத்துணியோடு எழுந்து நின்று கேட்டாள்: "இன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்கு ஆளுங்க வரப்போறாங்கன்னு பேச்சு அடிபடுது. உங்கள்ல யாராவது வந்து என் வீட்டுல துணைக்குப் படுத்துக்குவீங்களா?"

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே இருந்து ஏவுதல் வராமல் யாரும் பேசக்கூடாது. அமைதியாகக் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தும் ஒருவருக்கும் ஏவுதல் வரவில்லை. எங்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. யாரும் எழாவிட்டால் அதுவே சபையின் மனம். அப்பா எழுதி, சத்தமாக வாசித்தார்: "சகோதரி மிதேவா கேட்டதைக் கேட்டோம். யாருக்கும் பாரம் எழவில்லை."

பாரமாம். ஒரு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக என்ன பாரம் வேண்டும்?

காலையில் சாம்பல் இருந்தது. மிதேவா இல்லை. எலும்புகூட இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வழக்கம்போல் வெளியே வரிசை. முதலில் வந்தவர் வாசலில் நிற்பார், அடுத்தவர் அவர் கையைக் குலுக்கிவிட்டுப் பக்கத்தில் நிற்பார், இப்படியே வளரும். கடைசியாக வந்தவர் போதகர். அவரும் எல்லோர் கையையும் குலுக்கி வரிசையின் முனையில் நின்றுவிட்டார். உள்ளே யாரும் இல்லை.

வாசல் பக்கம் முதலாவதாக நின்ற முசிம்பி அத்தையின் கை மறுபடி நீண்டது. குலுங்கியது. அவளுக்கு எதிரே ஆள் இல்லை. பிறகு அடுத்தவர் கை. அடுத்தது. ஒவ்வொருவராகத் தாண்டி அந்தக் குலுக்கல் வரிசையில் வந்துகொண்டே இருந்தது.

என்னிடமும் வந்தது. குளிர்ந்த கை. நகத்தில் மண் இருந்தது, என் விரலில் உராய்ந்தது. அழுத்தவில்லை, இழுக்கவில்லை. சபையில் எப்படிக் கை கொடுப்பார்களோ அப்படி, மரியாதையாக.

அப்பாவிடம் மட்டும் நெடுநேரம் நின்றது.

என் உள்ளங்கையில் ஈரம். மழை இன்னும் வரவில்லை.

மார்ச் 11

நேற்று வந்த கையைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 14

சந்தையில் மினாயோவைப் பார்த்தேன், மிதேவாவின் மகள். ஓமேனா மீன் விற்கிறாள். அக்கரைக்கு நாங்கள் வரப்போவதைச் சொன்னேன்.

"வாங்கக்கா. என்ன கொண்டு வருவீங்க? சோப்பா, சபைப் பாட்டா?"

"மினாயோ..."

"எனக்கு எதுவும் வேணாம். எங்கம்மா உடம்பை எங்க வச்சிருக்காங்கன்னு மட்டும் உங்க சபைக்காரங்களைச் சொல்லச் சொல்லுங்க. வீட்டு வாசல்ல புதைக்கணும். அது இல்லாம நான் எப்படி அங்க திரும்ப வீடு கட்டுறது?"

மீனை அளந்து போட்டாள், கொசுறும் போட்டாள். அதுதான் என்னை அறைந்தது.

மார்ச் 17, ஞாயிறு

மறுபடியும். இந்த முறை பாதிப் பேர் தயாராக வந்திருந்தார்கள். முசிம்பி அத்தை வலது கையில் வேதாகமம், இடுப்பில் யார் வீட்டுக் குழந்தையோ. போதகர் கையைச் சால்வைக்குள் வைத்திருந்தார். பயனில்லை. சால்வை அசைந்தது.

இரவுச் சாப்பாட்டில் அப்பா இடது கையால் உகாலிக் களியைப் பிடித்தார். வலது கையை மடியில் ஒளித்துவைத்திருந்தார். எத்தனை நாளாக இப்படி? நான் ஏன் கவனிக்கவில்லை?

மார்ச் 19

கேட்டுவிட்டேன். "மிதேவா எங்கே இருக்காங்க, அப்பா?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியலன்னா, போன வருஷத்துலேர்ந்து ஓடைக்கரைத் தைலமரத்துப் பக்கம் ஏன் மாடு கட்ட விடமாட்டேங்கறீங்க?"

அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினார். "காதேனி, பேசுறதுக்கு இன்னும் ஏவுதல் வரலம்மா."

ஏவுதலாம். வாயை வச்சுக்கிட்டு இந்த மனுஷன் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கார்? நான் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்?

மார்ச் 24, ஞாயிறு

இன்று அக்கரைக்குப் போகும் நாள். புறப்படும் முன் கூட்டத்தில் எழுந்தேன். எனக்கு எந்த ஏவுதலும் வரவில்லை, கோபம்தான் வந்தது. "முதல் வீடு மிதேவா வீடு. அவங்க எங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லிட்டுத்தான் நாம கிளம்பணும். இதுக்கு மறுப்பு இருந்தா எழுந்திருங்க."

யாரும் எழவில்லை. எங்கள் முறைப்படி அது சம்மதம். அப்பா பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. மூடினார்.

வெளியே வரிசை நின்றது. கடைசி ஆளும் குலுக்கி முடித்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், வரப்போவது தெரிந்து. கை வந்தது. அதே குளிர், அதே மண். நான் கண்ணைத் திறந்தேன்.

மினாயோ. ஓடையைக் கடந்து வந்திருந்தாள், முழங்கால்வரை ஈரம். தலையில் வெள்ளைத் துணி. என் கையை விட்டாள், அடுத்தவரிடம் போனாள். கண்ணை மூடியிருந்தவர்கள் மூடியபடியே கை கொடுத்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்பாவிடம் வந்து நின்றாள். அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்க ஐயா," என்றாள். "எங்கம்மா எங்க?"