பொறுக்கின மல்லாட்டை

டிசம்பர் 9
எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அப்பா பார்த்தால் திட்டுவார்.
சம்பா நெல் பழுப்பாகவே நிற்கிறது. வளைகுடாவில் சண்டை, யூரியா கப்பல் வரவில்லை. கூட்டேரிப்பட்டு உரக்கடையில் இன்றும் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. இப்படியே போனால் அடுத்த போகம் சுப்பராயலு நடவு போடமாட்டாராம். அவர் நிலத்தில்தான் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்கிறார்கள்.
“பொங்கல் முடிஞ்சி செங்கல் சூளைக்குப் போய்டலாம். ரோஜாவும் வரட்டும், கல்லு அடுக்கும்” என்றார் அப்பா.
என் பத்தாவது பரீட்சை? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. போன வருஷம் சூளைக்குப் போன என் வகுப்பு அம்மணி திரும்பப் பள்ளிக்கூடம் வரவேயில்லை.

டிசம்பர் 14
பயமா இருக்கு.

டிசம்பர் 20
வெளிநாட்டு எண்ணெயும் வராததால் கடலை எண்ணெய்க்குக் கிராக்கி, மல்லாட்டைக்கு என்றும் இல்லாத விலை. நிலக்காரர்கள் விதைக்கு வைத்திருந்ததைக்கூடத் திண்டிவனத்துக்கு ஏற்றிவிட்டார்கள். எப்படியும் கப்பல் வந்துவிடும், நெல்லே நடலாம் என்று நம்புகிறார்கள்.
எங்கள் வீட்டில் இரண்டு மூட்டை இருக்கிறது. அறுவடை முடிந்த நிலத்தில் மண்ணுக்குள் தப்பி நிற்கும் மல்லாட்டை, பொறுக்குகிறவர்களுக்கே சொந்தம். ஐப்பசியில் மழை விட்ட நேரமெல்லாம் அம்மாவும் நானும் களைக்கொத்தால் கிளறிப் பொறுக்கியது. தெருவில் எல்லா வீட்டிலும் இப்படிக் கொஞ்சம் உண்டு.
அப்பா விற்கச் சொல்கிறார். “வெதைக்கு இருக்கட்டும்” என்றாள் அம்மா.
“நெலமே இல்லாதவளுக்கு வெதை எதுக்கு?”
அம்மா மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள். எனக்கும் புரியவில்லை. எதுக்கு?

டிசம்பர் 28
இன்று எண்ணெய் மில் வண்டி வந்தது. அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் நான் மட்டும். என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.
“எழுந்திரு பாப்பா, ஜல்தியா போவணும், பேஜாரு பண்ணாத” என்றான் வண்டிக்காரன்.
“அம்மா வந்தாத்தான்.”
எதிர்வீட்டுக் காந்திமதி அத்தை துடைப்பத்தோடு வந்தாள். “பொண்ணு தனியா கீற ஊட்ல இன்னாய்யா வேலை ஒனக்கு?”
வண்டி போய்விட்டது. சாயங்காலம் அப்பா கத்தினார். அம்மா என் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, யாரும் விற்காதீர்கள் என்று தெருவில் வீடு வீடாகச் சொல்லப் போனாள்.

ஜனவரி 6
கப்பல் வரவில்லை. யூரியா கேட்காத பயிர் மல்லாட்டைதான் என்று இப்போது எல்லோரும் விதைக்கு அலைகிறார்கள். கண்டாச்சிபுரம் வரை போயும் கிடைக்கவில்லை. சுப்பராயலு வந்தார்.
“சவுரி, வெதை வெச்சிக்கினு கீறியாமே. வெலையச் சொல்லு.”
“காசு வேணாங்க” என்றாள் அம்மா. “நெலத்தக் குடுங்க. நெலமும் தண்ணியும் உங்களுது. வெதையும் பாடும் எங்களுது. வெளயறதுல பாதி.”
“கூலிக்கு வர்றவ நெலத்தப் பங்குக்குக் கேக்குறியா?”
“வெதை இல்லாம நெலத்துல இன்னாங்க வெளயும்?”
அவர் போய்விட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெடுத்துட்டியே அம்மா, இனி கூலிக்கும் கூப்பிடமாட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 8
சுப்பராயலு சரி என்று சொல்லிவிட்டார்! காந்திமதி அத்தைக்கும் வேறொருவர் நிலம் கொடுக்கிறாராம்!

ஜனவரி 19
சூளை வண்டி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது.
“நான் வரல மேஸ்திரி. எங்க நெலத்துக்குத் தண்ணி கட்டணும்” என்றார் அப்பா.
எங்க நெலம் என்றார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

ஏப்ரல் 22
பரீட்சை முடிந்தது, அறுவடையும் முடிந்தது. செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாய்! காய் ஆயும்போது தெருப் பெண்களின் சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டது. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் வியாபாரி ஒரு காயை உடைத்துப் பார்த்து, “யார் சரக்கு இது?” என்றார்.
“எங்களுது” என்றாள் அம்மா.
திரும்பும்போது அப்பா டிராக்டரில் நின்றுகொண்டே வந்தார், தேரில் வருகிறவர் மாதிரி.

ஜூன் 18
பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.
யூரியா கப்பலும் வந்துவிட்டதாம். சாயங்காலம் சுப்பராயலு வந்தார். “இந்தப் போகத்துக்கு நெல்லா, மல்லாட்டையா? நீ இன்னா சொல்ற சவுரி?”
அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “ஒக்காருங்க. கைய கழுவிக்கினு வர்றேன்.”
அப்பா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். சுப்பராயலு எங்கள் வாசலில் உட்கார்ந்தார். அம்மா கடைசிப் பாத்திரம் வரைக்கும் தேய்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.