லேபிள் இங்கிலீஷ்காரிக்கு

என் பிரியமான சண்டைக்காரி ரூத்து மதினிக்கு,

நேற்று நம் தெருவுக்கு ஒரு தந்தி வந்தது. யாருக்கு வந்தது, என்ன சங்கதி என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். உனக்குப் பொறுமை கிடையாது, தெரியும். நீ இருந்த காலத்தில் என்னை ஒரு பேச்சையும் முழுசாகப் பேசவிட்டதில்லை. இன்றைக்காவது நான் முடிக்கிறவரை கேள்.

நீ மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏறிப்போன ரயில் இப்போது இல்லை, மதினி. யுத்தத்துக்கு வேண்டுமென்று போடி தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷன் பக்கம் ஆடு மேய்கிறது. 'டு ஸ்டாப் தி ட்ரெய்ன் புல் தி செயின்' என்று வண்டிக்குள் எழுதியிருந்ததை நீ முன்னொரு தடவை மனப்பாடமாகக் கொண்டுவந்து எங்களுக்குச் சொன்னாயே, அந்தச் சங்கிலியும் போய்விட்டது. அந்த வாசகத்தை மட்டும் நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், கோபிக்காதே. உன் வீட்டுக்காரருக்குப் போடி கடைத்தெருவில் மருந்தும் பிஸ்கோத்தும் விற்கிற கடை. அடுத்த கட்டடம் நாங்கள் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கி. நீங்கள் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள், நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். உன் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றேன், என் வீட்டுக்காரரை நீ அண்ணன் என்றாய். ஆக, நீ எனக்கு மதினி, நான் உனக்கு மதினி. இதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

நீ மிஷன் போர்டிங்கில் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் இலக்கணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாய். "அப்ப, தண்ணி வேணும்னு இங்கிலீசுல எப்படி மதினி கேப்பாக?" என்று நான் கேட்டதற்கு முழித்தாயே! "அது பொஸ்தகத்துல இல்லையே" என்றாய். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த ஏலக்காய் எல்லாம் கொட்டிப்போனது.

மத்தியானங்களில் கிட்டங்கியில் உட்கார்ந்து பெண்கள் நாங்கள் ஏலக்காய் தரம் பிரிப்போம். பெரிசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். சுற்றிலும் பெட்டிகள், பெட்டி மேலெல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தது நீ. ஆனால் 'கீப்' என்கிற சொல் எங்கே பார்த்தாலும் முன்னால் நிற்கிறது, பின்னால் 'டிரை' வருகிறது, இல்லாவிட்டால் 'கூல்' வருகிறது என்று கண்டுபிடித்தது நான். அதை நீயே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாய்.

"நம்ம தெருப் பொம்பளைக மாதிரித்தான் மதினி," என்றாய் நீ. "எந்தச் சொல்லும் ஒத்தையில வெளிய வராது. கூட யாரு வர்றாகன்னு பாரு, அது எந்த வீடுன்னு தெரிஞ்சுபோகும்."

அதன்பிறகு நமக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. உன் கடை மருந்துப் புட்டி, பிஸ்கோத்து டப்பா, கண்ணாடிச் சாமான் வந்த பெட்டி, எதையும் விடவில்லை. ஏலக்காய் பிரிக்க வந்த பெண்கள் எல்லாரும் கையை ஓட்டிக்கொண்டே வாயால் சொல்லிப் பழகினார்கள். அரிசி களைகிறபோதுகூட 'ஹேண்டில் வித் கேர்' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

அப்புறம் அந்த வெள்ளைக்காரத் துரைசாணி வந்தாள். மலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த கார் நம் வாசலில் நின்றுபோனது. உச்சி வெயில், ஆண்கள் யாரும் இல்லை. நீ போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கிட்டங்கி நிழலைக் காட்டி, "கீப் இன் எ கூல் ப்ளேஸ்!" என்றாய். உனக்கு நான் குறைந்தவளா? மோர்ச் செம்பை நீட்டி, "ஷேக் வெல் பிஃபோர் யூஸ்!" என்றேன். அவள் ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு செம்பை நன்றாகக் குலுக்கினாள். குடித்து முடித்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவள் சிரித்தது பரவாயில்லை. கடைத்தெரு சிரித்ததைத்தான் என் மாமனாரால் தாங்க முடியவில்லை. 'லேபிள் இங்கிலீஷ் வீடு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "பொம்பளைக இங்கிலீசு பேசி நம்ம மானம் சந்தி சிரிக்குது. இன்னையோட நிப்பாட்டு," என்றார் அவர். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாயே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்? "ஐயா, அந்தம்மாவுக்கு நாங்க சொன்னது வெளங்குச்சா, வெளங்கலையா?"

"வெளங்குச்சு."

"பெறகென்ன ஐயா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் படிப்பு நின்றது. பெண்கள் வாயை மூடிக்கொண்டு ஏலக்காய் பிரித்தார்கள். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அண்ணன் வந்து என்னிடம் முறையிட்டார்.

அந்த ஆடி மாத மழையில் என் வீட்டுக்காரர் கொச்சிக்குச் சரக்கு ஏற்றிப் போனார். கம்பத்துக்கு மேலே மலைப்பாதையில் மண் சரிந்தது என்று பேச்சு வந்தது. மாமனார் தேனிச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் தந்தி வந்தது. நம் ஊரில் தந்தி என்றால் சாவு என்றுதானே அர்த்தம்? தந்திச் சேவகர் உறையை நீட்டியதுமே என் மாமியார் கூந்தலை அவிழ்த்துப் போட்டு விழுந்தார். தெருவே கூடியது. ஒருத்தி ஒப்பாரியே எடுத்துவிட்டாள். என்னைச் சுற்றி நின்று என் தாலியைப் பற்றிப் பாடுகிறார்கள், உறை இன்னும் ஒட்டினபடியே என் கையில் இருக்கிறது!

நீதான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாய். உறையை நீ வாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ வாங்கவில்லை. "பிரி மதினி. நீயே வாசி," என்றாய்.

பிரித்தேன். முதல் சொற்கள் தெரியாதவை. கடைசிச் சொற்களைப் பார்த்தேன். கீப். டிரை. பெட்டி மேல் நித்தமும் பார்த்த அதே ஆட்கள்! செத்தவனைப் பற்றி எவனாவது 'நனையாமல் வை' என்று தந்தி அடிப்பானா? அந்தத் தெம்பில் மறுபடி முதலிலிருந்து எழுத்துக் கூட்டினேன். 'ரீச்ட் சேஃப்லி கீப் பேக்ஸ் டிரை.' பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன், மூட்டைகளை நனையாமல் வை.

"நிப்பாட்டுங்கடி!" என்று கத்தினேன். "அவுக நல்லா இருக்காக! மூட்டைய நனையவிடாதேன்னு சொல்லியிருக்காக!" மாமியார் அவிழ்ந்த கூந்தலோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், இந்தத் தடவை வேறு அழுகை. நீ மட்டும் அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஜில்லா கலெக்டர் மாதிரி நின்றாய்.

மாமனார் சாயங்காலம் வந்து எல்லாம் கேட்டுக்கொண்டார். காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "ரூத்தை நாளைக்கு வரச் சொல்லு. கிட்டங்கியில ஓரமா நீங்க உக்காந்து படிக்க ரெண்டு பலகை போட்டுத் தாரேன்," என்றார். அந்தப் பலகைகள் இன்னும் இருக்கின்றன, மதினி.

ஆனால் நீ இல்லை. மலைக்காய்ச்சல் என்றார்கள், மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் அடித்த தந்தி என் பேருக்கே வந்தது. தெருப் பெண்கள் கூடினார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, நான் வாசிக்கக் காத்திருந்தார்கள். அந்த ஒரு தந்தியைத்தான் நான் எங்கேயும் தடுமாறாமல் ஒரே மூச்சில் வாசித்தேன். உன் பேர் முதலில் இருந்தது. வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். நீ ஏன் எனக்குக் கற்றுக்கொடுத்தாய்? எனக்கு முன்னால் போவதற்கா?

சரி, இப்போது நேற்றைய சங்கதி. கோடி வீட்டு மருமகள் பேச்சியம்மாளை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வாழ வந்தவள், நம் பலகையில் உட்கார்ந்து படிக்கிறவள். புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான். அவளுக்குத்தான் தந்தி. பட்டாளத்துத் தந்தி என்றால் சொல்ல வேண்டுமா? அவள் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கிவிட்டாள். பேச்சியம்மாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறுங்க அத்தை. மொதல்ல வாசிப்போம்."

வாசித்தாள். 'கமிங் ஆன் லீவ்.' 'லீவ்' அவளுக்குத் தெரியாது, ஆனால் 'கமிங்' தெரியும். "வாராக அத்தை! வாராக!" என்றாள். மிச்சத்தை நான் சொன்னேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மதினி. உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் உன்னைத் தேடினேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கிறவரை நம் தெருவில் எந்தத் தந்தியையும் வாசிக்காமல் எவளும் அழமாட்டாள். அழத்தான் வேண்டும் என்றால் வாசித்துவிட்டு அழுவோம், உனக்கு அழுத மாதிரி.

உன் அண்ணன் பெண்டாட்டி, உன் வாயாடி மதினி,
செல்லம்மா